வயதானவர்களின் முதுகு வலி: உடற்பயிற்சியோடு ஓவியமும் சேர்ந்தால் என்ன பலன்?

"இடுப்பு பிடிச்சுக்கிச்சு, இன்னைக்கு நான் எங்கயும் வரல" - 60 வயதைத் தாண்டியவர்கள் இருக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. முதலில் கோயிலுக்குப் போவது நிற்கும். அடுத்து மாடி ஏறுவது, பிறகு கடைக்குப் போவது. சில மாதங்களில் கட்டில், டிவி, பாத்ரூம் என்று மூன்று இடங்களுக்குள் வாழ்க்கை சுருங்கிவிடும்.

டாக்டரிடம் போனால், "நல்லா நடங்க, பயிற்சி பண்ணுங்க" என்பார். பிசியோதெரபிஸ்ட் நாலு பயிற்சி சொல்லிக்கொடுத்து, படம் போட்ட ஒரு தாளையும் கொடுப்பார். அந்தத் தாள் பத்து நாளில் ஃப்ரிட்ஜ் மேல் போய்ச் சேர்ந்துவிடும்.

பயிற்சி பலன் தரும் என்பதில் மருத்துவர்களுக்குச் சந்தேகம் இல்லை. அதைத் தொடர்ந்து செய்ய வைப்பதுதான் சிக்கல். அங்கேதான் ஓவியம், களிமண், வண்ணம் ஆகியவற்றைப் பயன்படுத்தும் கலை சிகிச்சை உள்ளே வருகிறது. இது முதுகெலும்பை நேராக்கும் வைத்தியம் அல்ல. ஆனால் பயந்துபோய்ப் படுத்துவிட்டவரை மறுபடி எழுந்து நிற்க வைக்க உதவலாம். எப்படி என்று பார்ப்போம்.

முதுகு வலி எவ்வளவு பெரிய பிரச்னை?

உலகில் அதிகம் பேரை அன்றாட வேலை செய்ய முடியாமல் முடக்கும் காரணங்களில் முதலிடம் கீழ் முதுகு வலிக்குத்தான். 2020-ல் உலகம் முழுவதும் 61.9 கோடி பேருக்கு இந்த வலி இருந்தது. 2050-ல் இது 84.3 கோடியாக உயரும் என்று கணிக்கப்பட்டுள்ளது. மக்கள்தொகை கூடுவதும், வயதானவர்களின் எண்ணிக்கை கூடுவதுமே முக்கியக் காரணம்.

தமிழ்நாட்டுக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் வெளியிட்ட அறிக்கைப்படி, 2021-ல் தமிழ்நாட்டு மக்களில் 13.6 சதவீதம் பேர் 60 வயதைக் கடந்தவர்கள். பெரிய மாநிலங்களில் கேரளாவுக்கு அடுத்த இடம் இது.

'டிஸ்க் தேஞ்சு போச்சு' என்றால் பயப்பட வேண்டுமா?

வலியைவிட அதிகமாகப் பலரை முடக்குவது ஸ்கேன் ரிப்போர்ட்டில் இருக்கும் வார்த்தைகள்தான். "தேய்மானம்", "டிஸ்க் விலகியிருக்கு", "ஜவ்வு காய்ஞ்சு போச்சு" என்று கேட்டதும், இனி குனிந்தாலே முதுகு உடைந்துவிடும் என்ற பயம் வந்துவிடும்.

2015-ல் வெளியான ஒரு ஆய்வுத் தொகுப்பு இதைப் பற்றிச் சொல்வது முக்கியமானது. முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளை அது அலசியது. வலியில்லாத 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் தெரிந்தது. 80 வயதில் அது 96 சதவீதம். அதாவது, வயதானவர்களின் ஸ்கேனில் தேய்மானம் தெரிவது தலைமுடி நரைப்பது மாதிரி. அது இருப்பதாலேயே அதுதான் வலிக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி கீழ் முதுகு வலியில் சுமார் 90 சதவீதம் 'இன்ன காரணம்' என்று ஒரே இடத்தைக் கைகாட்ட முடியாத வகையைச் சேர்ந்தது. மீதி இருக்கும் வகைகளில் ஆபத்தானவையும் உண்டு. அதைக் கீழே தனியாகப் பார்ப்போம்.

பயம் எப்படி வலியை வளர்க்கிறது?

வலி ஆராய்ச்சிக்கான சர்வதேச சங்கம் 2020-ல் வலிக்கான தன் விளக்கத்தைப் புதுப்பித்தது. உடலில் காயம் இருந்தாலும், காயம் இருப்பது போலத் தோன்றினாலும் ஏற்படும் விரும்பத்தகாத உணர்வும் மனநிலையும் சேர்ந்த அனுபவம்தான் வலி என்பது அதன் சாரம். மனநிலை என்ற சொல் அதில் இருப்பதைக் கவனிக்க வேண்டும். "எல்லாம் உங்க மனப்பிரமை" என்று இதற்கு அர்த்தம் இல்லை. வலி நிஜம். ஆனால் பயம், தூக்கமின்மை, தனிமை, கவலை எல்லாம் சேர்ந்து அதன் சத்தத்தைக் கூட்டும்.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியில் ஒரு சுழற்சி உருவாவதை உளவியல் ஆய்வாளர்கள் விளக்கியிருக்கிறார்கள். வலிக்கிறது, அசைந்தால் இன்னும் கெட்டுவிடும் என்ற பயம் வருகிறது, அசைவதை நிறுத்துகிறார், தசை பலவீனமாகிறது, அடுத்த முறை சின்ன வேலைக்கே வலிக்கிறது, பயம் இன்னும் கூடுகிறது. இளைஞர் ஒருவர் இந்தச் சுழலில் மாட்டினால் வேலைக்கு லீவு போடுவார். 70 வயதுக்காரர் மாட்டினால் கால் தசை கரைந்து, சமநிலை தடுமாறி, கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறியும் வரை போகலாம்.

இதில் வீட்டில் இருப்பவர்களுக்கும் பங்கு உண்டு. "நீங்க உட்காருங்கம்மா, நான் எடுத்துத் தரேன்" என்று பாசத்தோடு சொல்வதே பல நேரம் அந்தச் சுழலை வேகப்படுத்துகிறது.

உடற்பயிற்சி பற்றி ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, நாள்பட்ட முதுகு வலிக்கு உடற்பயிற்சி பற்றிய 249 ஆய்வுகளை 2021-ல் அலசியது. சும்மா இருப்பதைவிடப் பயிற்சி வலியைக் குறைக்கிறது என்பது அதன் முடிவு.

2024-ல் லான்செட் இதழில் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு இன்னும் எளிமையானது. முதுகு வலி வந்து சரியான 701 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பிரிவினருக்கு மட்டும் பிசியோதெரபிஸ்ட் வழிகாட்டலோடு படிப்படியாக நடைப்பயிற்சி கொடுத்தார்கள். நடந்தவர்களுக்கு வலி திரும்பி வர எடுத்த காலம், சராசரி நிலையில் இருப்பவரை வைத்துப் பார்த்தால், 208 நாள். நடக்காதவர்களுக்கு 112 நாள். மாத்திரை இல்லை, மெஷின் இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட கீழ் முதுகு வலிக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. வலியைப் பற்றிய விழிப்புணர்வு, உடற்பயிற்சி, மனநல ஆலோசனை ஆகியவற்றை அது பரிந்துரைக்கிறது. நம்மூரில் பலர் நம்பியிருக்கும் இடுப்பு பெல்ட்டையும், டிராக்ஷன் எனப்படும் இழுவை சிகிச்சையையும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. இதைப் படித்துவிட்டு பெல்ட்டை இன்றே தூக்கிப்போட வேண்டாம். எலும்பு முறிவு, அறுவை சிகிச்சை போன்ற காரணத்துக்காக டாக்டர் போடச் சொல்லியிருந்தால் அது வேறு கணக்கு.

சரி, வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓட்டிவிடலாமே? டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளை வயதானவர்கள் மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண், ரத்தக்கசிவு, சிறுநீரகப் பாதிப்பு எல்லாம் வரலாம். சுகர், பி.பி. இருப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போடுகிற பழக்கம்தான் இதில் மோசமானது.

ஓவியம் இதில் எங்கே வருகிறது?

'கலை சிகிச்சை' என்ற பெயரே ஒரு நோயாளியிடம் இருந்து வந்ததுதான். ஏட்ரியன் ஹில் என்ற பிரிட்டிஷ் ஓவியர் காச நோய்க்காக சானடோரியத்தில் படுத்திருந்தபோது வரைய ஆரம்பித்தார். அது தனக்குக் கொடுத்த தெம்பைப் பார்த்து மற்ற நோயாளிகளுக்கும் சொல்லிக்கொடுத்தார். 1942-ல் இதற்கு அவர் வைத்த பெயர்தான் இன்றும் நிற்கிறது.

பிறகு ஆய்வுகள் வந்தன. அமெரிக்காவின் ட்ரெக்ஸல் பல்கலைக்கழகத்தில் 39 பேரை 45 நிமிடம் களிமண், ஸ்கெட்ச் பென், ஒட்டுப்படம் என்று விருப்பப்படி செய்யவிட்டார்கள். 2016-ல் வெளியான முடிவுப்படி, சுமார் 75 சதவீதம் பேருக்கு மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்டிசால் ஹார்மோன் குறைந்தது. முன்பே வரையத் தெரிந்திருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை. ஆனால் அவர்கள் 60 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவும் வைக்கப்படவில்லை. எனவே இதை ஒரு நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக அல்ல.

ஜெர்மனியில் பணி ஓய்வு பெற்ற 28 பேரை வைத்து நடந்த ஆய்வு 2014-ல் வெளியானது. ஒரு குழு 10 வாரம் ஓவியம் வரைந்தது. இன்னொரு குழு அருங்காட்சியகத்தில் ஓவியங்களைப் பார்த்துப் பேசியது. வரைந்தவர்களின் மூளைப் பகுதிகளுக்கு இடையிலான இணைப்பில் முன்னேற்றம் தெரிந்தது, பார்த்தவர்களிடம் அந்த அளவுக்கு இல்லை. கை அசைய வேண்டும் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

கலைக்கும் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பு பற்றிய 3,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளை உலக சுகாதார நிறுவனமே 2019-ல் தொகுத்து வெளியிட்டது. இருந்தாலும், வயதானவர்களின் முதுகு வலிக்குக் கலை சிகிச்சை, உடற்பயிற்சி இரண்டையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வுகள் குறைவு. "படம் வரைந்தால் முதுகு வலி பறந்து போகும்" என்று யாராவது வீடியோவில் சொன்னால் நம்ப வேண்டாம். பயிற்சிக்குத் தனி ஆதாரம் உறுதியாக இருக்கிறது. கலை மனதை லேசாக்குகிறது என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. பயம்தான் பயிற்சிக்குத் தடை என்றால், இரண்டையும் சேர்ப்பதில் அர்த்தம் இருக்கிறது.

இரண்டையும் சேர்த்து எப்படிச் செய்வது?

முதல் வேலை, வலியை வரைவது. மனித உடலின் முன்பக்கம், பின்பக்கம் என வெறும் கோட்டுருவம் போட்ட ஒரு தாள். எங்கே வலிக்கிறதோ அங்கே விருப்பமான வண்ணத்தில் தீட்ட வேண்டும். எரிச்சல், குத்தல், மரத்துப்போவது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். "எப்படி வலிக்குது?" என்று கேட்டால் "அதான் சொன்னேனே, வலிக்குது" என்று சலித்துக்கொள்ளும் தாத்தா கூட, சிவப்பு கிரையானை எடுத்துத் தொடை வரை ஒரு கோடு இழுத்துவிடுவார். வலி காலுக்கு இறங்குகிறது என்ற முக்கியத் தகவல் டாக்டருக்கு அப்போது கிடைத்துவிடும். வலி வரைபடம் மருத்துவத்தில் பல காலமாகப் பயன்பாட்டில் இருப்பதுதான்.

ஆனால் தினமும் வலியையே வரைந்துகொண்டிருக்கக் கூடாது. கவனம் முழுக்க அங்கேயே தங்கிவிடும். இரண்டாவது வாரத்தில் இருந்து, மறுபடி போக ஆசைப்படும் இடம், செய்ய ஆசைப்படும் வேலை என்று தலைப்பை மாற்றிவிட வேண்டும். மகள் வீட்டு மாடிப்படி, ஊர்க் குளம், சந்தை எதுவாகவும் இருக்கலாம். அதுவே பயிற்சியின் இலக்காகவும் ஆகிறது. மாடிப்படி வரைந்தவருக்குப் படி ஏறும் பயிற்சி.

அடுத்து, உடம்பு அசைகிற மாதிரி வரைவது. மேஜையில் குனிந்து சின்னப் பூ வரைவதில் முதுகுக்கு வேலையே இல்லை. சுவரில் நெஞ்சு உயரத்தில் பெரிய சார்ட் பேப்பரை ஒட்டி, நின்றுகொண்டு கை முழுவதும் வீசி வட்டம், அலை, வானவில் என்று போட்டால் தோள், இடுப்பு, கால் எல்லாம் சேர்ந்து வேலை செய்யும். வலது ஓரத்தில் இருந்து இடது ஓரம் வரை கோடு இழுக்கும்போது உடல் எடை ஒரு காலில் இருந்து இன்னொரு காலுக்கு மாறும். சமநிலைப் பயிற்சி என்பது அதுதான். தோள்பட்டை வலி இருப்பவர்கள் தலைக்கு மேல் கையைத் தூக்கிப் போட வேண்டாம்.

வண்ணக் கிண்ணத்தை நாற்காலிக்கு எதிரே நாலடி தள்ளி வையுங்கள். ஒவ்வொரு நிறம் மாற்றவும் எழுந்து போய் வர வேண்டும். பத்து நிறம் மாற்றினால் பத்து முறை உட்கார்ந்து எழுந்தாயிற்று. "பத்து தடவை உட்கார்ந்து எழுந்திருங்க" என்று சொன்னால் மூன்றாவதிலேயே மூச்சு வாங்குகிறது என்பவர், வானத்துக்கு நீலம் தேடி எழும்போது அதை எண்ணிக்கொண்டிருக்க மாட்டார். சுவரோடு ஒட்டிய, கை வைத்த, ஆடாத நாற்காலியாக இருக்கட்டும். வழுக்கும் பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம். தரையில் தண்ணீர் சிந்தக் கூடாது.

பிசியோதெரபிஸ்ட் கொடுத்த பயிற்சிகளை இது தூக்கிச் சாப்பிட்டுவிடாது. குதிகால் உயர்த்துவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, படுத்தபடி இடுப்பை உயர்த்துவது, நடை எல்லாம் தனியாக வேண்டும். 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரத்தில் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பும், மூன்று நாளாவது சமநிலை, வலு தரும் பயிற்சியும் செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். ஓவிய நேரத்துக்கு முன்னால் ஒரு ஐந்து நிமிடம், நடுவில் ஒரு ஐந்து நிமிடம் என்று செருகிவிட்டால் அது ஃப்ரிட்ஜ் மேல் போகாது.

விரல் மூட்டு வலி இருப்பவர்களுக்குத் தடிமனான கிரையான் அல்லது பிரஷ் பிடியில் துணி சுற்றிக் கொடுக்கலாம். கண் பார்வை மங்கலானவர்களுக்குக் கறுப்பு மார்க்கர் நல்லது. "இது என்ன காக்காவா, கோழியா?" என்று பேரப்பிள்ளைகள் கிண்டல் செய்யாமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம். கலை சிகிச்சையில் படம் நன்றாக இருக்கிறதா என்று யாரும் மார்க் போடுவதில்லை.

எவ்வளவு நேரம் செய்யலாம்?

வலி குறைந்த நாளில் வீட்டையே கழுவிவிட்டு, அடுத்த மூன்று நாள் படுத்திருப்பது வயதானவர்களிடம் பரவலாக இருக்கும் பழக்கம். இதை மாற்றக் கடிகாரம்தான் வழி. நின்றால் எட்டாவது நிமிடத்தில் வலி ஏறுகிறது என்றால், ஆறு நிமிடத்தில் நிறுத்த வேண்டும். வலி இல்லாத நாளிலும் ஆறுதான். சில நாள் கழித்து ஏழு, பிறகு எட்டு. படம் பாதியில் நிற்பது இங்கே வசதி. நாளைக்கு எழுந்து வர ஒரு காரணம் இருக்கிறது.

செய்யும்போது கொஞ்சம் வலிப்பது சகஜம். அடுத்த நாளைக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிட்டால் பயமில்லை. 24 மணி நேரம் தாண்டியும் கூடவே இருந்தால் நேரத்தைக் குறைக்க வேண்டும். உட்கார்ந்து வரைவதானால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்துவிட வேண்டும்.

கோலம் போடலாமா?

நம்மூர்ப் பெண்கள் பலருக்குக் கையில் இருக்கும் கலை கோலம்தான். "முதுகு வலி, குனியாதீங்க" என்று சொன்னதும் முதலில் நிற்பதும் அதுதான். கலையும் போச்சு, பயிற்சியும் போச்சு.

குனிவதே தப்பு என்பது பழைய நம்பிக்கை. எப்போது, எவ்வளவு என்பதுதான் கேள்வி. தூங்கி எழுந்தவுடன் முதுகு டிஸ்க்குகளில் நீர் கூடுதலாக ஊறியிருக்கும். அப்போது குனிந்தால் முதுகுக்கு அழுத்தம் அதிகம். நம் வழக்கப்படி கோலம் போடுவதோ சரியாக அந்த நேரத்தில்தான். எழுந்து ஒரு மணி நேரமாவது வீட்டுக்குள் நடமாடிவிட்டுப் போடலாம், அல்லது சாயந்திரத்துக்கு மாற்றலாம். முதலில் மேஜை மேல் சிலேட்டில் சாக்பீஸ், பிறகு திண்ணை உயரத்தில், அதன் பிறகு குட்டி முக்காலியில் உட்கார்ந்து தரையில் என்று இறங்கி வரலாம். 15 புள்ளி எல்லாம் பிறகு. நாலு புள்ளியில் ஆரம்பித்தால் போதும்.

யாருக்கு எது ஆகாது?

ஒரே அசைவு இரண்டு பேருக்கு நேர் எதிராக வேலை செய்யும். தண்டுவடப் பாதை குறுகும் ஸ்பைனல் ஸ்டெனோசிஸ் இருப்பவர்களுக்கு நடந்தால் கால் கனக்கும், மரத்துப்போகும். உட்கார்ந்தாலோ முன்னால் சாய்ந்தாலோ இதமாக இருக்கும். அவர்களை வெகுநேரம் நிமிர்ந்து நின்று சுவரில் வரையச் சொன்னால் சிரமம். மேஜையில் சாய்ந்து வரைவது, நடுநடுவே உட்காருவது சரிப்படும்.

ஆஸ்டியோபோரோசிஸ் எனப்படும் எலும்பு அடர்த்திக் குறைவு இருந்தால் கதை வேறு. முதுகெலும்பில் ஏற்கெனவே முறிவு இருந்தால், அழுத்திக் குனிவதும், குனிந்தபடி திரும்புவதும், எடை தூக்குவதும் ஆபத்து. அவர்களுக்குக் கோலம் மேஜையோடு நிற்கட்டும். மாதவிடாய் நின்ற பெண்கள், ஸ்டீராய்டு மாத்திரை நீண்ட நாள் சாப்பிட்டவர்கள், உயரம் குறைந்து கூன் விழுந்தவர்கள் எலும்பு அடர்த்திப் பரிசோதனை பற்றி முதலில் டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும்.

இந்த அறிகுறி இருந்தால் வரைவது, பயிற்சி எல்லாம் அப்புறம்

சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போவது அல்லது சிறுநீர் வராமல் நிற்பது, உட்காரும் பகுதியும் தொடை இடுக்கும் மரத்துப்போவது, கால் திடீரெனப் பலம் இழப்பது - இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். நரம்பு நசுங்கினால் மணிக்கணக்கில் சேதம் நடக்கும்.

லேசாக வழுக்கி விழுந்த பிறகு வந்த கடும் வலி, காய்ச்சலோடு வரும் வலி, காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் இருந்தது, படுத்தாலும் குறையாமல் ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும் வலி - இவற்றுக்கும் தாமதிக்காமல் பரிசோதனை தேவை.

எங்கே போவது?

பயிற்சி பெற்ற கலை சிகிச்சையாளர்கள் நம்மிடம் மிகக் குறைவு, அவர்களும் பெரும்பாலும் பெருநகரங்களில். ஓவிய வகுப்பு எடுப்பவர் எல்லாரும் கலை சிகிச்சையாளர் ஆகிவிட மாட்டார். மன அழுத்தம், துணையை இழந்த துக்கம் போன்றவை வலியோடு சேர்ந்திருந்தால் பயிற்சி பெற்றவர்தான் வேண்டும். மற்றபடி பிசியோதெரபிஸ்ட் சொன்ன அளவோடு வீட்டிலோ, முதியோர் சங்கத்திலோ, அப்பார்ட்மென்ட் ஹாலிலோ ஐந்தாறு பேர் சேர்ந்து செய்யலாம். சார்ட் பேப்பர், கிரையான் தவிரப் பெரிய செலவில்லை.

பிசியோதெரபிக்கு அரசு வழி உண்டு. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், தேவைப்படுபவர்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தரப்படுகிறது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம். சென்னை கிண்டியில் முதியவர்களுக்கென்றே தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-ல் திறக்கப்பட்டது.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது, எம்.ஆர்.ஐ. கவரோடு இந்தப் படங்களையும் எடுத்துப் போகலாம். ஒவ்வொன்றின் பின்பக்கமும் தேதி, எத்தனை நிமிடம் நின்றார், எத்தனை முறை எழுந்தார் என்று எழுதியிருந்தால் போதும். "இப்ப எப்படி இருக்கு?" என்ற கேள்விக்கு "அப்படியேதான் இருக்கு" என்பதைவிடத் தெளிவான பதில் அதில் இருக்கும்.